பதிவில் இருந்த விருந்தாளியும் முட்டையிடாத திமிங்கிலமும்

தூரத்தில் இருந்துகொண்டு வீட்டுக் கணனிக்குள் நுழைய எந்த மென்பொருள் பாதுகாப்பானது என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். மனுசிக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்து நீங்கள் கேள்வியை இன்னும் உரத்துக் கேட்கிறீர்கள். காது நன்றாகத்தான் இருக்கிறது, பிள்ளைகளே. வாசலில் நின்றபடியே எந்தக் கணனியின் விசிறி இந்த மாதம் சாகும் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியும். நீங்கள் மென்பொருளின் பெயரைக் கேட்கிறீர்கள், எனக்குப் பாலையூற்றுச் சிவஞானம் ஐயாவின் முகம் வருகிறது. அவ்வளவுதான் சங்கதி.

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு கணனிக் கடை. முதலாளி விற்பார், நான் திருத்துவேன். கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் நான் குடியிருந்தேன். முதலாளி எனக்குக் கற்றுத்தந்த ஒரே வித்தை, ஆட்கள் கடைக்குள் வரும்போது கையில் ஒரு ஸ்குரூ டிரைவர் இருக்கவேண்டும் என்பது. சண்டை நின்றது, தொடங்கியது, நிற்கும்போல் இருந்தது என்று இழுபட்ட அந்தப் பிந்திய வருடங்களில்தான் எங்கள் ஊருக்கு வேகமான இணைய இணைப்பு வந்தது. தொலைபேசியில் கதைத்துக்கொண்டே இணையத்திலும் இருக்கலாம் என்பதை முதலாளி தன் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் ஒருநாள் மங்கை ரீச்சர் வந்தார். முப்பது வருடம் விலங்கியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். பின்னாலேயே அவருடைய கணவர் சிவஞானம் ஐயா, கச்சேரியில், அதாவது அரச அதிபர் அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். ரீச்சர் கதிரையில் இருந்தார். ஐயா, முதலாளி இருக்கச் சொல்லும்வரை நின்றார். அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

ரீச்சருக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. கொழும்பில் ஒரு பதிப்பகம் கடல் விலங்குகளைப் பற்றிய சிறுவர் புத்தகம் ஒன்றைத் தமிழில் கொண்டுவர இருந்தது. முதலில் மொழிபெயர்த்தவர் யாரோ, கடலை வரைபடத்தில் மட்டும் பார்த்த ஆள் போலிருக்கிறது. திமிங்கிலம் கரைக்கு வந்து முட்டையிடும் என்று எழுதியிருந்தார். டொல்பினுக்குச் செதில் பூட்டியிருந்தார். அதையெல்லாம் திருத்தி, 'தமிழில்: மங்கையர்க்கரசி சிவஞானம்' என்று அட்டையில் பெயர் போட்டு வெளியிடுவதாக ஏற்பாடு. ரீச்சர் ஆறு மாதமாக வீட்டுக் கணனியில் இருந்து திருத்திக்கொண்டிருந்தார். இதற்கிடையில் கொழும்பில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. மூன்று மாதம் போய் நிற்கவேண்டும். கணனியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவதென்றால் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் கழற்றிக் காட்டவேண்டும். கொழும்பில் போய் இறங்கும்போது கணனி இருக்காது, ஆணிகள் மட்டும் இருக்கும்.

"பிள்ளை, நான் அங்கயிருந்து இஞ்சத்தைய கணனியைத் திறந்து வேலை செய்ய ஏலுமோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"ஓம் ரீச்சர், செய்யலாம்."

"பாதுகாப்பானதோ?" என்று ஐயா கேட்டார். கடைக்குள் வந்தபின் அவர் வாய்திறந்தது அப்போதுதான்.

எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. அந்த ஊரில் அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. உடனே ஒரு சிறு சொற்பொழிவு செய்தேன். என் கைக்கெட்டும் தூரத்தில் அப்போது மூன்று வழிகள் இருந்தன. முதலாவது இலவசம், ஊரெல்லாம் பாவித்தது. அதில் கடவுச்சொல் அனுப்புவது தபாலட்டையில் எழுதி அனுப்புவது மாதிரி, வழியில் நிற்கிறவர்கள் எல்லாம் வாசிக்கலாம். இரண்டாவது, விலைகூடிய மென்பொருள் ஒன்றின் பூட்டை உடைத்து இறுவட்டில் போட்டு விற்றது. கள்ளனிடம் பூட்டு வாங்கி நம் வாசல் கதவுக்குப் போடுவதா? மூன்றாவது, போய்வரும் தகவல் எல்லாவற்றையும் குழப்பி, பிறர் வாசிக்க முடியாதபடி அனுப்பும். அதோடு, வெளியிலிருந்து யார் வந்தாலும் வீட்டுத் திரையில் ஒரு பெட்டி தோன்றி, இன்னார் உள்ளே வரக் கேட்கிறார், விடவா என்று கேட்கும். ஓம் என்று ஒரு பொத்தான், இல்லை என்று ஒரு பொத்தான். ஒரு நிமிடத்துக்குள் வீட்டில் இருப்பவர் ஓம் என்பதை அமர்த்தாவிட்டால் கதவு திறக்காது.

நான் மூன்றாவதைத் தெரிந்தெடுத்தேன். அந்தக் காலத்தில் ஆளில்லாத வீட்டில் திறந்த கதவுள்ள ஒரு கணனியை விட்டுவைக்க எனக்குப் பயமாக இருந்தது. பொத்தானை யார் அமர்த்துவது என்று கேட்டபோது ஐயா நிமிர்ந்து நின்றார்.

"அது என்ர பொறுப்பு," என்றார்.

இப்படிப்பட்ட ஒரு காவலாளி கிடைத்ததே என்று எனக்குப் பெருமை. ரீச்சர் கொழும்புக்குப் பஸ் ஏறிய மறுநாள், கடையிலிருந்தபடி நான் அந்தக் கணனிக்குள் போகப் பார்த்தேன். 'இல்லை' என்று பதில் வந்தது. பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, உங்கட அடையாள அட்டையின்ர பிரதி ரண்டு வேணும்."

என்னத்துக்கு என்று கேட்டேனா? இல்லை. இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள், இது எங்கள் தலைமுறையின் வியாதி. அடையாள அட்டை என்ற சொல்லைக் கேட்டால் மூளைக்கு முன்னால் கை பைக்குள் போய்விடும். தொலைபேசிக் கம்பனிக்காரர் கேட்டிருப்பார்கள் என்று நானே ஒரு காரணத்தையும் கற்பித்துக்கொண்டு, பிரதிகளைக் கொடுத்தனுப்பினேன். நான்கு நாள் கழித்து மறுபடி முயன்றபோது ஓம் என்று பதில் வந்தது. வீட்டுக் கணனி என் திரையில் விரிந்தது. எல்லாம் சரி என்று கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். ரீச்சர் இருக்கும் கொழும்பு வீட்டிலிருந்து ஒரு தடவையாவது சோதித்துப் பார்த்தேனா? அதுவும் இல்லை.

அடுத்த கிழமை ஒரு காலை, எட்டரை மணி. ஊரில் எங்கேயோ ஏதோ நடந்திருந்தது. கடைகள் பூட்டு, வீதிகளில் தடை, பாலையூற்றுப் பக்கம் சுற்றிவளைப்பு என்று கதை. நான் கடைக்குள் கதவை இழுத்து மூடிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் ரீச்சர். ஒரு நாளும் சத்தம் போடாத மனுசியின் குரல் உடைந்திருந்தது.

"பிள்ளை, நான் பிழையான இறுவட்டைக் கொண்டுவந்திட்டன். பதிப்பகத்துக்குக் குடுத்ததும் அதைத்தான். நேற்றுப் பின்னேரம்தான் பாத்தனான், திமிங்கிலம் இன்னும் முட்டையிடுது! அச்சகத்தில முறை வந்திட்டுதாம். பன்ரண்டு மணிக்குள்ள திருத்தினதை அனுப்பாட்டிக் கையில இருக்கிறதை அடிப்பினமாம். அட்டையில என்ர பெயர், பிள்ளை. என்னட்டப் படிச்ச பிள்ளையள் எல்லாம் இண்டைக்கு ரீச்சர்மார். அவையின்ர பள்ளிக்கூடங்களுக்குத்தான் அந்தப் புத்தகம் போகப்போகுது."

"அதுக்கென்ன ரீச்சர், வீட்டுக் கணனியில இருக்குத்தானே. உள்ளுக்குப் போய் எடுங்கோவன்."

"போகேலாது. மனுசன் விடுறார் இல்லை!"

நான் ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார், கணனிக்கு முன்னால்தான் இருந்திருக்கிறார்.

"ஐயா, ரீச்சர் உள்ளுக்கு வரப் பாக்கிறா. ஓமெண்டு அமத்துங்கோ."

"அது ஏலாது, பிள்ளை. அவ இஞ்ச இல்லை எண்டு கிராம சேவகரிட்ட நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தனான். தற்காலிகமாகக் கொழும்பில் எண்டு பதிவில கிடக்கு. இப்ப உள்ளுக்கு விட்டா நான் பொய்யனெல்லோ?"

அக்காலத்து வழக்கம் தெரியாத உங்களுக்காக ஒரு சொல். அப்போது ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. வெளியாள் வந்து தங்கினால் கிராம சேவகரிடம் சொல்லி, அடையாள அட்டைப் பிரதி கொடுத்துப் பதியவேண்டும். வீட்டாள் வெளியே போனாலும் சொல்லவேண்டும். தேடுதலுக்கு வருகிறவர்கள் பட்டியலைப் பார்த்துத் தலைகளை எண்ணுவார்கள். மற்றவர்கள் இதைப் பயத்தில் செய்தார்கள், ஐயா பக்தியோடு செய்தார்.

"அப்ப என்னை மட்டும் எப்பிடி ஐயா அண்டைக்கு விட்டனீங்கள்?"

"நீங்கள் பதிஞ்ச ஆளெல்லோ," என்றார் ஐயா. "ஒரு மாசத்துக்கு விருந்தாளியாப் பதிஞ்சிருக்கிறன். தங்கும் இடம்: முன் அறை, கணனி. நோக்கம்: மனைவியின் அலுவல். இப்ப இருக்கிற கிராம சேவகர் என்னட்ட வேலை பழகின பொடியன்தான். வாசிக்காமலே கையெழுத்துப் போட்டிட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் நின்றது. பட்டியலில் இல்லாத ஆள் ஒரு வீட்டில் இருந்தால் சிக்கல். பட்டியலில் இருக்கிற ஆள் வீட்டில் இல்லாவிட்டால் அதைவிடப் பெரிய சிக்கல். எங்கே போனாள், ஏன் போனாள் என்று கேட்பார்கள், பதிலுக்கு அந்த மனிதரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் அதை இருந்து யோசிக்க நேரமில்லை. மணி ஒன்பது ஆகப்போகிறது. அந்த வீட்டுக்குள் போகக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

"ஐயா, நான் வாறன். ஓமெண்டு அமத்துங்கோ."

பெட்டி தோன்றியது. ஐயா அதிலுள்ள எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாக உரத்து வாசித்தார், அடிக்குறிப்பு உட்பட. நிமிடம் முடிந்து கதவு மூடியது. இரண்டாம் முறை என் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டுப் பதிவோடு ஒப்பிட்டார். மறுபடி மூடியது. மூன்றாம் முறை நான் வாய்விட்டுக் கெஞ்சியதில், பேனையின் பின்பக்கத்தால் ஓம் என்பதை அமர்த்தினார். கணனியை விரலால் தொடமாட்டார், அது மனைவியின் உடைமை. தொலைபேசியை வைக்காமல் பக்கத்தில் கிடத்தச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே மூன்று கோப்புகள். கடைசி, கடைசியிலும் கடைசி, இதுதான் கடைசி. படித்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் பெயர் வைப்பார்கள், நீங்களும் வைப்பீர்கள். எதையும் பெயரைப் பார்த்து நம்பக்கூடாது என்பதால் ஒவ்வொன்றிலும் திமிங்கிலப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முதலாவதில் முட்டையிட்டது. இரண்டாவதில் முட்டையிட்டது, ஆனால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. மூன்றாவதில் குட்டி ஈன்று பால் கொடுத்தது. அதை ரீச்சருக்கு அனுப்பத் தொடங்கினேன். படங்கள் நிறைந்த கோப்பு. உள்ளே வரும்போது வேகமாக ஓடும் அந்தக் காலத்து இணைப்பு, வெளியே அனுப்பும்போது கிழட்டு மாடு மாதிரித்தான் நகரும். நூற்றுக்குப் பத்து வீதம், பதினொரு வீதம்.

நாற்பதாவது வீதத்தில் தொலைபேசிக்குள் நாய் குரைத்தது. பிறகு வாசல் படலை திறந்தது. பிறகு சப்பாத்துச் சத்தம், பல சோடி.

வந்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார், ஐயா கச்சேரிச் சிங்களத்தில் பதில் சொன்னார். எனக்கு இரண்டும் விளங்கும். தமிழில் சொல்கிறேன்.

"பட்டியலில இண்டைக்கு ரண்டு பேர். நீர் ஒருவர். மற்றப் பெண் எங்க?"

"உள்ளுக்கு இருக்கிறா, சேர்."

"எந்த அறையில?"

"இந்த அறையிலதான். இதுக்குள்ள."

பிறகு கதிரை நகர்ந்தது, அலுமாரி திறந்தது, மேசை இழுபட்டது. ஒரு சிப்பாய் கணனித் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறான் என்று ஐயா பிறகு சொன்னார். இந்த மாதிரி நேரத்தில் கை என்ன செய்யப் பார்க்கும் தெரியுமா? இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓடப் பார்க்கும். என் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. துண்டித்தால் ஐம்பத்திரண்டு வீதத்தில் திமிங்கிலம் நிற்கும். அதைவிட, பட்டியலில் இருக்கும் பெண் எங்கே என்ற கேள்வியோடு அந்த வயதான மனிதர் தனியே நிற்பார். நான் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பிள்ளை," என்று ஐயா தொலைபேசிப் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார், "சேருக்கு ஒருக்கா அசைஞ்சு காட்டுங்கோ."

என் தொழில்வாழ்க்கையில் எத்தனையோ சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்கச் சுட்டியை ஆட்டியது அன்று மட்டும்தான். திரையில் அம்புக்குறியை இடமும் வலமும் அசைத்தேன். யாரோ "அம்மே!" என்றார்கள். பிறகு ஒரு வெறும் பக்கத்தைத் திறந்து ஆங்கிலத்தில் தட்டினேன்: காலை வணக்கம், சேர். அதற்குக் கீழே என் பெயர், அடையாள அட்டை இலக்கம், கடை இருக்கும் வீதி, நான் இப்போது அந்தக் கடையில் மேசைக்கு முன்னால் இருக்கிறேன் என்பது எல்லாம் எழுதினேன். ஒரு பொய்யும் கலக்கவில்லை. பயந்தவள் பொய்யும் சொன்னால் இரண்டு வேலை, எனக்கு ஒன்றைச் செய்யவே கை போதவில்லை.

அதிகாரி வாசித்தார். "இவள் என்ன எடுத்துக்கொண்டு போகிறாள்?" என்று கேட்டார். ஐயா, ஒரு புத்தகம் என்றார். "முதலில் இதை நிற்பாட்டு," என்றார் அதிகாரி. அறுபத்தெட்டு வீதம்.

"ஏலாது, சேர்," என்றார் சிவஞானம் ஐயா.

நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என்ன?"

"நிப்பாட்டினா திமிங்கிலம் முட்டையிடும்."

பிறகு ஐயா பேசத் தொடங்கினார். அவர் அப்படித் தொடர்ந்து பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"என்ர மனுசி முப்பது வருசம் விலங்கியல் படிப்பிச்சவ, சேர். ஆறு மாசமாக் கண் நோக நோக இந்த மேசையில இருந்து திருத்தினவ. நடு ராத்திரியில எழும்பித் திமிங்கிலத்தின்ர பல்லை எண்ணினவ. பன்ரண்டு மணிக்கு இது போய்ச் சேராட்டி, முட்டையிடுற திமிங்கிலத்துக்குப் பக்கத்தில அவவின்ர பெயர் வரும். அவ வெளியில தலைகாட்டமாட்டா. என்னைக் கூட்டிக்கொண்டு போறதெண்டாப் போங்கோ, நான் வாறன். இதை நிப்பாட்ட மட்டும் ஏலாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கம் இல்லை. பயத்திலா, அந்த மனிதரை நினைத்தா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு கதிரை இழுபட்டது. அதிகாரி இருந்துவிட்டார்.

"திமிங்கிலம் முட்டையிடாதுதானே," என்று அவர் மெல்லச் சொன்னார். "கடற்படையில இருக்கிற என்ர சிநேகிதன் குட்டியோட போன ஒண்டைக் கண்டவன்."

"ஓம் சேர். அதைத்தான் அவவும் எழுதியிருக்கிறா," என்றார் ஐயா.

மிச்ச வீதங்களை அந்த அறையில் இருந்த எல்லோருமாகச் சேர்ந்து பார்த்தார்கள். தொண்ணூற்றொன்பதில் அது நின்றது, எப்போதும் நிற்கும். யாரோ ஒரு சிப்பாய் திரையைத் தட்டப் போனான் போலிருக்கிறது, "தொடாதேங்கோ, அது மனுசியின்ர!" என்று ஐயா கத்தினார். பிறகு நூறு வந்தது. நான் 'நன்றி சேர், போய் வருகிறேன்' என்று தட்டிவிட்டு வெளியேறினேன். அதிகாரி பட்டியலில் என் பெயரை வெட்டச் சொன்னார். ஐயா நேரத்தையும் எழுதி வெட்டினார்.

சப்பாத்துச் சத்தம் போனபின் ஐயா தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

"பிள்ளை, நீங்கள் பத்து இருபதுக்குப் போயிட்டியள். இனி வாறதெண்டாப் புதுசாப் பதியவேணும், என்ன."

கோப்பு பதினொரு மணிக்குப் பதிப்பகத்துக்குப் போனது. புத்தகம் வந்தது. திமிங்கிலம் பக்கம் பதினேழில் மிகவும் ஒழுங்காகக் குட்டி ஈன்றது. டொல்பினின் செதில் ஒரு இடத்தில் தப்பிவிட்டது, அதை இன்றுவரை நானும் ரீச்சரும் தவிர வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ரீச்சர் ஊருக்குத் திரும்பியதும் நான் பாலையூற்றுக்குப் போனேன், இந்த முறை சைக்கிளில். நடந்ததை ஐயா அவரிடம் சொல்லியிருக்கவில்லை. 'ஆமி வந்தது, பாத்தது, போனது' என்று மட்டும் சொல்லியிருந்தார். நான்தான் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஐயா அப்போது கிராம சேவகரிடம் போயிருந்தார், மனைவி திரும்பி வந்ததைப் பதிய. ரீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

எனக்குக் குற்ற உணர்வு. யார் வீட்டில் பொத்தான் அமர்த்தப்போகிறார் என்று பார்க்காமல் பூட்டை மட்டும் பார்த்து வாங்கிய என் பிழைதானே இவ்வளவும். வேறு மென்பொருள் கொண்டுவந்திருந்தேன். நீளமான கடவுச்சொல் ஒன்றைப் போட்டால் போதும், வீட்டில் யாரும் எதையும் அமர்த்தத் தேவையில்லை.

"ரீச்சர், அந்த ஓம், இல்லைப் பெட்டியைக் கழட்டிப்போட்டு இதைப் போட்டுவிடுறன்," என்றேன்.

ரீச்சர் என் கையிலிருந்த இறுவட்டை வாங்கி, மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

"வேண்டாம் பிள்ளை. கலியாணம் முடிச்சு முப்பத்தெட்டு வருசத்தில, இந்த மனுசனை எனக்கு ஓம் சொல்லவைக்கிறதுக்கு இப்பதான் ஒரு பொத்தான் கிடைச்சிருக்கு. அதைக் கழட்டாதேங்கோ."